வலி போனது, தசைநாண் தேறவில்லை: பெப்டைட் ஊசி போட்டுக்கொண்ட ஓர் ஓட்டக்காரரின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

நான் விளையாட்டுக் காயங்களைப் பார்க்கும் பிசியோதெரபிஸ்ட். இங்கே எழுதுவது என்னிடம் சிகிச்சைக்கு வந்த ஒருவருடைய கதை. அவருடைய அனுமதி வாங்கியிருக்கிறேன், ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன். இதில் அவர் செய்த தவறும் இருக்கிறது, நான் செய்த தவறும் இருக்கிறது. இரண்டாவதை மறைத்தால் மற்றவர்களுக்கு இதனால் ஒரு பயனும் இல்லை.

வயது 43, ஆண். நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கும் வேலை. பத்து வருடமாக ஓடுகிறார், வருடத்துக்கு ஒன்றிரண்டு அரை மாரத்தான். வரும்போது இடது குதிகாலுக்கு மேலே ஏழு மாதமாக வலி. வலித்தால் இரண்டு வாரம் ஓய்வு, வலி அடங்கியதும் பழைய தூரத்துக்கே ஒரே தாவல், மறுபடி வலி, மறுபடி ஓய்வு. இந்தச் சுழற்சியை நான்கைந்து தடவை ஓட்டிவிட்டுத்தான் வந்தார். தசைநாண் பிரச்சினையோடு வருகிற பாதிப் பேர் சொல்லும் கதை இதுதான். பேச்சில் நாம் இதைக் குதிகால் நரம்பு என்று சொன்னாலும் அது நரம்பு இல்லை. கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு கட்டியிருக்கும் தடித்த நார்க்கற்றை.

முதல் நாள் பார்த்தது

குதிகால் எலும்பிலிருந்து சுமார் 4 செ.மீ. மேலே தசைநாண் தடித்திருந்தது, இரண்டு விரலால் பிடித்து அழுத்தினால் முகம் சுளித்தார். காலையில் எழுந்ததும் இருபது நிமிடம் விறைப்பு, மாடிப்படி இறங்கப் பக்கவாட்டில்தான் கால் வைக்க வேண்டும் என்றார். ஒற்றைக் காலில் குதியைத் தூக்கி இறக்கச் சொன்னேன். வலது கால் 28 முறை, இடது கால் 11 முறையோடு நின்றுவிட்டது, வலி பத்துக்கு ஆறு. குதிகால் தசைநாணுக்கென்றே இருக்கும் விசா-ஏ கேள்வித்தாளில் 100க்கு 52 (எண் ஏற ஏறக் கால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்).

அல்ட்ராசவுண்டில் தசைநாண் 9 மி.மீ. தடிமன் (நல்ல காலில் 5.5), நடுவில் கறுத்த பகுதி, ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளரில் புதிதாக முளைத்த ரத்தக்குழாய்கள். கிழிசல் இல்லை. சிப்ரோஃபிளாக்சசின் மாதிரி ஃபுளோரோகுயினலோன் வகை ஆன்டிபயாட்டிக் சமீபத்தில் எடுத்தாரா என்று கேட்டேன், இல்லை. அந்த வகை மருந்துகள் தசைநாணைப் பாதிக்கும், கிழியவும் வைக்கும். 2008இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அவற்றின் மேல் கறுப்புக்கட்ட எச்சரிக்கையே, அதாவது மருந்துக்குப் போடும் மிகக் கடுமையான எச்சரிக்கையே, போட வைத்தது. ஸ்டீராய்டு ஊசி போட்டதில்லை. சர்க்கரை, கொழுப்பு இரண்டும் சரி. ரத்தத்தில் கொழுப்பு பரம்பரையாக மிக அதிகமாக இருப்பவர்களுக்கு அது தசைநாணிலேயே படிந்து தடிக்க வைக்கும் என்பதால் அதையும் பார்த்துவிடுவது என் வழக்கம்.

ஆக, நாள்பட்ட தேய்வுப் பிரச்சினை. அறுந்த காயம் இல்லை. இந்த வித்தியாசம் பின்னால் வரும், நினைவில் இருக்கட்டும்.

முதல் ஐந்து வாரம்

சிகிச்சை என்று பெரிதாக ஒன்றும் இல்லை, பாரம் ஏற்றுவதுதான். 1998இல் ஸ்வீடனில் ஆல்ஃபிரெட்சன் என்ற மருத்துவரின் குழுவினர் பொழுதுபோக்குக்கு விளையாடும் 15 பேரை வைத்து, குதியை மெதுவாக இறக்கும் பயிற்சியை நாளுக்கு 180 முறை என்று 12 வாரம் செய்ய வைத்துப் பார்த்ததிலிருந்து இந்தப் பாதை நன்றாக மிதிபட்ட பாதை. கனமான எடையோடு மெதுவாக, வாரத்துக்கு மூன்று நாள் மட்டும் செய்தாலும் அதற்கு ஈடான பலன் கிடைக்கிறது என்று 2015இல் வந்த ஆய்வு காட்டியது. வேலைக்குப் போகிறவருக்கு இரண்டாவதுதான் ஒத்துவரும், அதையே கொடுத்தேன். ஓட்டத்தை நிறுத்தச் சொல்லவில்லை. வலி பத்துக்கு ஐந்துக்குள் இருக்க வேண்டும், மறுநாள் காலைக்குள் அடங்கிவிட வேண்டும், அந்த வரம்புக்குள் நடையும் ஓட்டமும் மாறி மாறிச் செய்யலாம் என்றேன்.

ஐந்தாவது வாரம் விசா-ஏ 61. காலை விறைப்பு பத்து நிமிடமாகக் குறைந்தது. ஒற்றைக்கால் குதி தூக்கல் 14. என் கணக்கில் இது நல்ல முன்னேற்றம், அவர் கணக்கில் ஆமை வேகம். இன்னும் ஒன்பது வாரத்தில் ஓர் அரை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்திருந்தார். "இந்தப் போட்டியை விட்டுடுங்க, அடுத்ததைப் பாத்துக்கலாம்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன். அவர் முகம் விழுந்ததைக் கவனித்தேன், ஆனாலும் உட்கார்ந்து பேசவில்லை. இந்த நிகழ்வில் மிக முக்கியமான திருப்பம் அந்த ஒரு நிமிடம்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

எனக்குத் தெரியாமல் நடந்தது

இந்தப் பகுதி முழுவதும் பின்னால் அவரே சொன்னது. ஆறாவது வாரம் ஜிம்மில் கூட வருகிற ஒருவர், தன் தோள்வலி பெப்டைட் ஊசியில் (பெப்டைட் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி) மூன்றே வாரத்தில் போனது என்று சொல்லியிருக்கிறார். பி.பி.சி-157, டி.பி-500 என்று இரண்டு பெயர். மீதமிருந்த பாதிக் குப்பியை அவரே கொடுத்தார், அப்புறம் இவர் இணையத்தில் புதிதாக வாங்கிக்கொண்டார். குப்பியில் "ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதர்கள் பயன்பாட்டுக்கு அல்ல" என்று பொடி எழுத்தில் இருந்தது. கூடவே 99 சதவீதத் தூய்மை என்று ஒரு சான்றிதழ் வந்தது, அதைப் பார்த்ததும் மனம் தேறிவிட்டது.

உறைய வைத்து உலர்த்திய வெள்ளைப் பொடி. அதில் பாக்டீரியோஸ்டாட்டிக் தண்ணீர் (கிருமி பெருகாமல் தடுக்கும் பொருள் கலந்த ஊசித் தண்ணீர்) ஊற்றிக் கரைத்து, இன்சுலின் சிரிஞ்சில் எடுத்து, வலிக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே தோலுக்கு அடியில் தினமும் ஒரு ஊசி. அவர் பார்த்து வைத்திருந்த அளவு அட்டவணை இரண்டு மில்லி தண்ணீருக்கானது, அவர் ஊற்றியது ஒரு மில்லி. ஆகவே முதல் இரண்டு வாரமும் தான் நினைத்ததைப் போல இரண்டு மடங்கு போட்டுக்கொண்டிருந்தார். குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, காலைத் தூக்கிக் கழுவுதொட்டி மேல் வைத்துக்கொண்டு போட்டேன் என்றார்.

எட்டாவது வாரம்: நான் எடுத்த முடிவு

எட்டாவது வாரம் சிரித்துக்கொண்டே வந்தார். வலி பத்துக்கு ஒன்று, காலை விறைப்பு சுத்தமாக இல்லை, விசா-ஏ 84. மூன்று வாரத்தில் 23 புள்ளி ஏறுவது வழக்கமில்லை. அதைப் பார்த்ததும் எனக்குள் ஒரு கேள்வி எழுந்திருக்க வேண்டும். எழவில்லை. என் பயிற்சித் திட்டம் பிடித்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

இரண்டு விஷயங்கள் கண்ணெதிரே இருந்தன. ஒன்று, ஒற்றைக்கால் குதி தூக்கல் வெறும் 16. வலது கால் அதே 28. வலி இல்லாமல் போனாலும் கெண்டைக்காலின் பலம் பாதிக்குச் சற்று மேலேதான் இருக்கிறது என்பது இதற்கு அர்த்தம். இரண்டு, குதிகாலின் உள்பக்கம் பட்டாணி அளவில் கன்றிப்போன ஒரு சிவப்பு, அதற்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு மங்கலான புள்ளி. "எங்கேயாவது இடிச்சுக்கிட்டீங்களா?" என்று கேட்டேன். "ஷூ உரசுது சார்" என்றார். ஓட்டக்காரர்களுக்கு ஷூ உரசுவது சகஜம், ஆனால் ஷூ உரசினால் குதிகாலின் பின்பக்கம் தோல் வழண்டிருக்கும், உள்பக்கம் வரிசையாக மூன்று புள்ளி விழாது. விட்டுவிட்டேன்.

தொடர்ந்து ஓடும் தூரத்தை ஐந்து கிலோமீட்டர் வரை ஏற்றலாம், சமதரையில், மெதுவாக, என்று அனுமதி கொடுத்தேன். வலியை வைத்து எடுத்த முடிவு அது. பலத்தை வைத்து எடுத்திருந்தால் கொடுத்திருக்க மாட்டேன்.

ஒன்பதாவது வாரம்

ஐந்து கிலோமீட்டர் என்று சொன்னதை அவர் பதினாறாக்கிக்கொண்டார். வலியே இல்லை, பெப்டைட் ஆற்றிவிட்டது என்று முழுசாக நம்பினார். ஏற்றமும் இறக்கமும் உள்ள பாதை, கடைசிப் பகுதியில் வேகம். பன்னிரண்டாவது கிலோமீட்டரில் ஏற்றத்தில் சுருக்கென்று ஓர் இழுப்பு. நொண்டிக்கொண்டே வீட்டுக்குப் போனவர் இரண்டு நாள் என்னைக் கூப்பிடவில்லை.

வந்தபோது முதலில் பயந்தது முழுக்க அறுந்திருக்குமோ என்று. குப்புறப் படுக்க வைத்துக் கெண்டைக்காலை அழுத்தினேன், பாதம் அசைந்தது. விரலுக்குப் பள்ளம் தட்டவில்லை. ஆக முழு அறுப்பு இல்லை. ஆனால் உள்பக்கம் மூன்று செ.மீ. அகலத்துக்குச் சிவந்து, தொட்டால் கொதித்தது, நடுவில் மெத்தென்று இருந்தது. காய்ச்சல் 38.1 டிகிரி செல்சியஸ். தசைநாண் இழுபட்டால் வீங்கும், காய்ச்சல் வராது. அன்றைக்கே மருத்துவரிடம் அனுப்பினேன்.

அங்கேதான் உண்மை வெளியே வந்தது. மருத்துவர் அந்தச் சிவப்பைப் பார்த்துவிட்டு நேராக, "இங்க ஊசி போட்டீங்களா?" என்று கேட்டிருக்கிறார். ஒரு நொடி மௌனத்துக்கு அப்புறம் இவர் ஆமாம் என்றிருக்கிறார். அல்ட்ராசவுண்டில் தசைநாணின் முன்பக்க நார்களில் சிறிய பகுதிக் கிழிசல், தடிமன் 10.5 மி.மீ. அதிலிருந்து தனியாக, தோலுக்கு அடியில் சின்னதாக ஒரு சீழ்க்கட்டி. சீழ் தசைநாணின் உறைக்குள் இறங்கவில்லை, அது பெரிய அதிர்ஷ்டம்.

குப்பிகளை மேஜையில் வைத்துப் பேசியது

மறுநாள் குப்பிகளையும் சிரிஞ்சுகளையும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு எடுத்து வந்தார். "நீங்க திட்டுவீங்கன்னுதான் சொல்லல சார்." திட்டவில்லை. ஒன்றரை மணிநேரம் பேசினோம். அவர் நிறையப் படித்திருந்தார், அவருடைய கேள்விகள் நியாயமானவை, அதனால் அந்தப் பேச்சைக் கொஞ்சம் விரிவாகவே பதிவு செய்கிறேன்.

பெப்டைட் என்றாலே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொல்வது தவறு. சில அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலிதான் பெப்டைட். 51 அமினோ அமிலம் கொண்ட இன்சுலினும் அந்தக் குடும்பம்தான். எலும்புத் தேய்வுக்கு 2002இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டெரிபாரடைடும் 34 அமினோ அமிலம் கொண்ட பெப்டைட். அவற்றுக்கு மனிதர்களில் சோதனை, அளவு, பக்கவிளைவு எல்லாம் வரிசையாகப் பார்க்கப்பட்டிருக்கிறது. அவர் போட்டுக்கொண்டதற்கு அது நடக்கவில்லை.

பி.பி.சி-157 என்பது இரைப்பை நீரில் இருக்கும் ஒரு புரதத்தின் துண்டு என்று சொல்லப்படும் 15 அமினோ அமிலச் சங்கிலி, இப்போது ஆய்வகத்தில் செய்கிறார்கள். இதன் பெரும்பாலான ஆய்வுகள் குரோஷியாவின் ஜாக்ரெப் நகரில் ஒரே குழுவைச் சுற்றி நடந்தவை, பெரும்பாலும் எலிகளில். எலியின் குதிகால் தசைநாணை வெட்டிவிட்டு மருந்து கொடுத்தால் அது சீக்கிரம், பலமாகச் சேர்கிறது என்று காட்டியிருக்கிறார்கள். தைவானில் 2011இல் வந்த ஓர் ஆய்வில் தசைநாண் செல்கள் தட்டில் வேகமாகப் பரவின. இதெல்லாம் பொய் என்று தள்ள எனக்கு ஒரு காரணமும் இல்லை, ஆர்வத்தைத் தூண்டும் ஆய்வுகள்தான். ஆனால் அவருக்கு இருந்தது கத்தியால் வெட்டிய காயமா? இளம் எலியின் நல்ல தசைநாணை வெட்டினால் உடம்பு தானே ஆற்றத் தொடங்கும், மருந்து அதற்கு வேகம் கொடுக்கலாம். ஏழு மாதம் தேய்ந்து, நார்கள் வரிசை குலைந்து நிற்கும் 43 வயதுத் தசைநாண் வேறு விஷயம்.

அவருக்கு உறைத்தது ரத்தக்குழாய் விஷயம். பி.பி.சி-157 புதிய ரத்தக்குழாய் முளைப்பதைத் தூண்டுகிறது என்பதை நல்ல செய்தியாகப் படித்திருந்தார். முதல் நாள் எடுத்த டாப்ளர் படத்தைத் திரையில் போட்டுக் காட்டினேன், கறுத்த பகுதிக்குள் சிவப்புக் கோடுகள். "இதோ, ஏற்கெனவே வேண்டாத அளவுக்கு முளைச்சிருக்கு." நாள்பட்ட தசைநாண் வலியில் இந்தக் குழாய்களோடு சேர்ந்து நரம்பு நுனிகளும் உள்ளே வருகின்றன, வலிக்கு அதுவும் ஒரு காரணமாகப் பார்க்கப்படுகிறது. ரொம்ப நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மனிதர்களில் என்ன இருக்கிறது என்று கேட்டார். முழங்கால் வலிக்கு ஊசி போட்ட சிலரைப் பின்னாலிருந்து திரும்பிப் பார்த்து எழுதிய சிறிய கட்டுரை ஒன்று 2021இல் வந்தது. பலருக்கு வலி குறைந்தது என்கிறது, ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க ஊசி போடாத குழு அதில் இல்லை. டி.பி-500 என்பது தைமோசின் பீட்டா-4 என்ற 43 அமினோ அமிலப் பொருளின் ஒரு சிறு துண்டு. முழுப்பொருளைக் கண்ணிலும் தோல் புண்ணிலும் மனிதர்களிடம் சோதித்திருக்கிறார்கள். அதை வைத்துத் துண்டுக்கும் தசைநாணுக்கும் முடிவு கட்ட முடியாது.

அப்புறம் அந்த 99 சதவீதம். பொடியில் இருக்கும் பெப்டைட்டில் கேட்ட பெப்டைட் எவ்வளவு, வேறு பெப்டைட் கழிவு எவ்வளவு என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. கிருமி இல்லை என்றோ, கிருமியின் நச்சு இல்லை என்றோ அது சொல்லவில்லை. 2023இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், மருந்தகங்களில் கலந்து தயாரிக்கும் பொருள்களில் பாதுகாப்புக் கவலை உள்ளவற்றின் வகையில் பி.பி.சி-157ஐச் சேர்த்தபோது சொன்ன காரணங்களில் நோய் எதிர்ப்பு எதிர்வினையும் இந்தக் கழிவுப் பெப்டைட்களும் உண்டு. கூடவே இன்னொன்று சொன்னேன், அவருக்குத் தெரிந்திருக்கவில்லை: உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான வாடாவின் தடைப் பட்டியலில் பி.பி.சி-157 2022இலிருந்து பெயரோடு இருக்கிறது, தைமோசின் பீட்டா-4உம் டி.பி-500உம் அதே பட்டியலில் இருக்கின்றன. பொழுதுபோக்குக்கு ஓடுகிறவர் என்றாலும் அந்த விதிக்கு உட்பட்ட போட்டியில் பெயர் கொடுத்தால் விதி அவருக்கும் உண்டு.

அவருடைய அப்பாவுக்குப் பெருங்குடல் புற்றுநோய் வந்திருந்தது. பி.பி.சி-157 புற்றுநோயைக் கொண்டுவந்தது என்று மனிதர்களில் எந்த ஆதாரமும் இல்லை, அதைத் தெளிவாகவே சொன்னேன். ஆனால் ரத்தக்குழாய் வளர்ச்சியைத் தூண்டும் ஒன்றை, நீண்டகாலம் மனிதர்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு இல்லாத நிலையில், இந்தக் குடும்ப வரலாற்றோடு போட்டுக்கொள்வதற்கு முன் ஒரு மருத்துவரிடமாவது கேட்டிருக்க வேண்டும். அந்தக் கேள்வியே தனக்குத் தோன்றவில்லை என்றார்.

வலி எப்படிப் போனது?

"ஆனா சார், வலி போச்சே?" இதுதான் அவருடைய கடைசிக் கேள்வி, நேர்மையான கேள்வி. போனது உண்மை. ஆனால் எதனால் என்று பிரித்துச் சொல்ல வழியே இல்லை. பெப்டைட் வேலை செய்திருக்கலாம். பாரப் பயிற்சியின் பலன் பொதுவாகத் தெரியத் தொடங்கும் காலமும் எட்டாவது வாரத்தை ஒட்டித்தான் வரும். ஆறாவது வாரம் முதல் ஊசி வேலை செய்யட்டும் என்று அவரே ஓட்டத்தைக் குறைத்திருந்தார், அதை என்னிடம் சொல்லவில்லை. ஒரு பொருளின் மேல் வைக்கும் நம்பிக்கையும் வலியைக் குறைக்கும். வலிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் தினமும் ஊசி குத்தித் திரவம் செலுத்துவதே அந்த நரம்பு நுனிகளைப் பாதித்திருக்கலாம். பாக்டீரியோஸ்டாட்டிக் தண்ணீரில் 0.9 சதவீதம் இருக்கும் பென்சைல் ஆல்கஹாலுக்குக் கொஞ்ச நேரம் மரத்துப்போக வைக்கும் குணம்கூட உண்டு, அதன் பங்கு சிறிதாகத்தான் இருந்திருக்கும். இத்தனையும் ஒரே நேரத்தில் நடந்தன.

கிழிசலுக்குப் பெப்டைட்தான் காரணம் என்றும் நான் சொல்ல மாட்டேன். பாதிப் பலம் உள்ள கெண்டைக்காலோடு, ஐந்து கி.மீ. ஓட வேண்டிய நிலையில் 16 கி.மீ. ஓடியதால் கிழிந்தது. வலி என்கிற காவலாளி அன்றைக்குத் தூங்கிவிட்டார், தூங்க வைத்தது எதுவாக வேண்டுமானாலும் இருக்கலாம்.

எடுத்த முடிவுகள்

சீழை எடுத்து வளர்த்துப் பார்த்ததில் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா வந்தது. மருத்துவர் செஃபலெக்சின் என்ற ஆன்டிபயாட்டிக்கை ஏழு நாள் கொடுத்தார். ஃபுளோரோகுயினலோன் வேண்டாம், தசைநாண் கிழிந்திருக்கிறது என்று நான் போனில் நினைவூட்டினேன், அவரும் அதையே நினைத்திருந்தார். முதல் குப்பி நண்பர் பயன்படுத்திய மிச்சம் என்பதால் ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, எச்.ஐ.வி. ரத்தப் பரிசோதனை உடனே ஒருமுறை, மூன்று மாதம் கழித்து ஒருமுறை. புது ஊசிதானே போட்டேன் என்றார். அவருடையது புதிது, குப்பிக்குள் நண்பர் விட்ட ஊசி எது என்று யாருக்குத் தெரியும்? இரண்டு முறையும் ஒன்றும் இல்லை என்று வந்தது, அந்த மூன்று மாதம் அவர் சரியாகத் தூங்கவில்லை.

ஊசியை நிறுத்தினார். குப்பிகள் கூர்முனைக் கழிவு டப்பாவுக்குப் போயின. மூன்று வாரம் குதிகால் உயர்த்திய பூட்ஸ். அப்புறம் அசையாமல் தாங்கிப் பிடிக்கும் பயிற்சி, 12ஆவது வாரத்திலிருந்து இரண்டு காலில் குதி தூக்கல், பிறகு ஒற்றைக்கால், பிறகு எடை. இந்த முறை ஒரு விதியை எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம்: தூரத்தை ஏற்றுவதா என்பதை வலி மட்டும் முடிவு செய்யாது, இடது கால் எண்ணிக்கை வலது காலின் 90 சதவீதத்தைத் தொட வேண்டும். பதினான்காவது வாரம் போட்டி நடந்தது, அவர் தண்ணீர் கொடுக்கும் இடத்தில் நின்றார்.

பொறுமைக்கு ஒரு விஷயம் உதவியது. அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த கார்பன்-14ஐ அளவுகோலாக வைத்து 2013இல் வந்த ஆய்வு, குதிகால் தசைநாணின் மையப்பகுதி ஏறக்குறைய 17 வயதுக்குள் உருவானது, அதன் பிறகு பெரிதாகப் புதுப்பிக்கப்படுவதில்லை என்று காட்டியது. "அப்போ நான் ஸ்கூல் படிச்சப்போ வந்ததோடதான் ஓடிட்டிருக்கேனா?" என்று ஆச்சரியப்பட்டார். அதற்கப்புறம் எத்தனை வாரம் என்று கேட்பதைக் குறைத்துக்கொண்டார், எத்தனை முறை தூக்கினேன் என்று சொல்ல ஆரம்பித்தார்.

அடுத்து நடந்தது

ஆறாவது மாதம் விசா-ஏ 78, இடது கால் 22. நடுவில் ஒரு மாதம் ஒன்றுமே நகரவில்லை, அப்போதும் மறுபடி ஊசி எண்ணம் வந்தது என்று தானாகவே சொன்னார். சொன்னதே பெரிது. ஒன்பதாவது மாதம் விசா-ஏ 91, இடது 27, வலது 29. அல்ட்ராசவுண்டில் தடிமன் 8 மி.மீ., இன்னும் தடித்துத்தான் இருக்கிறது. படம் சரியாகும் முன்பே கால் வேலை செய்யத் தொடங்கிவிடும், அது இந்தப் பிரச்சினையில் சாதாரணம். பதினோராவது மாதம் ஓர் அரை மாரத்தான், தன் பழைய நேரத்தைவிட ஆறு நிமிடம் தாமதம், மறுநாள் காலை விறைப்பு ஐந்து நிமிடம்.

நான் மாற்றிக்கொண்டது

போட்டி வேண்டாம் என்று இனி ஒரு வரியில் சொல்வதில்லை. அந்தத் தேதி அவருக்கு ஏன் முக்கியம் என்று கேட்கிறேன், அடுத்து எது சாத்தியம் என்று ஒரு தேதியையாவது கையில் கொடுத்து அனுப்புகிறேன். வெறுங்கையோடு போகிறவர் வேறு இடத்தில் நம்பிக்கை தேடுவார், இவர் தேடினார். எதிர்பாராத வேகத்தில் ஒருவர் தேறினால், பலத்தின் எண்ணும் கூடவே ஏறியிருக்கிறதா என்று பார்க்காமல் அடுத்த படிக்கு விடுவதில்லை. காயத்துக்குப் பக்கத்தில் விளக்கம் பொருந்தாத கன்றல் தெரிந்தால் இரண்டாவது தடவையும் கேட்கிறேன், ஊசி என்ற வார்த்தையைச் சொல்லியே கேட்கிறேன்.

முதல் நாள் படிவத்தில் "வேறு மருந்து ஏதும் எடுக்கிறீர்களா" என்று ஒரு வரிதான் இருந்தது. அவர் இல்லை என்று எழுதியிருந்தார். அன்றைக்கு அது உண்மை. ஆறாவது வாரம் உண்மை மாறியது, நான் மறுபடி கேட்கவே இல்லை. இப்போது அந்த வரி மாறிவிட்டது: மாத்திரை, பவுடர், ஊசி, நண்பர் கொடுத்தது, இணையத்தில் வாங்கியது, எதுவானாலும் சொல்லுங்கள், திட்ட மாட்டோம். ஒவ்வொரு மூன்றாவது வருகையிலும் அதைத் திரும்பக் கேட்கிறோம். மாற்றிய முதல் மாதத்திலேயே இரண்டு பேர் ஆமாம் என்றார்கள். ஒருவர் கொலாஜன் பவுடர் குடிக்கிறார். இன்னொருவர் கைப்பேசியை எடுத்து, வீட்டுக் குளிர்பெட்டியில் முட்டைக்குப் பக்கத்தில் நிற்கும், இன்னும் மூடி திறக்காத ஒரு குப்பியின் படத்தைக் காட்டி, "இதைப் போடலாமா சார், கேட்டுட்டுப் போடலாம்னுதான் வச்சிருக்கேன்" என்றார்.